ஈரச்சாக்கு மணம்

நான் வைன் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்ட முன்னரே கோசலை போட்ட ஒரே நிபந்தனை அது. அவளுடைய தகப்பன் குடித்துக் குடித்தே வீட்டை அழித்த மனிதர். கொடுத்த வாக்கை நான் பாரிசுக்கு வந்தும் மீறவில்லை. ஆனால் 1987இல், லா சப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில், வைனைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்த தமிழன் வேறு யாரும் இருக்கவில்லை. அதுவும் உண்மைதான்.

எப்படி என்றால், நான் கிளாஸ் கழுவுகிறவன்.

தட்டு, கோப்பை, சட்டி எல்லாவற்றுக்கும் மெஷின் இருந்தது. வைன் கிளாஸை மட்டும் மெஷினில் போட முதலாளி மார்செல் விடமாட்டார். அவர் மார்செல்லோ என்று ஞானஸ்நானம் பெற்ற இத்தாலிக்காரர், பாரிசுக்கு வந்து மார்செல் ஆனவர். மெஷினில் போட்டால் கிளாஸில் சவர்க்காரம் மணக்கும் என்பார். ஆகவே ஒவ்வொன்றாகச் சுடுதண்ணீரில் கையால் கழுவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கழுவ வரும் கிளாஸின் அடியில் ஒரு மிடறுக்கும் குறைவாக வைன் மிஞ்சிக் கிடக்கும். அதை மணந்து பார்ப்பது முதலில் எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. நாலு வருடத்தில் அது வித்தையாகிவிட்டது. வெற்றுப் போத்தல்களும் என்னிடம்தான் வந்து சேரும். லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்து, கிளாஸின் மணத்தோடு பொருத்திப் பார்த்து, யாரும் சொல்லித்தராமல் நானாகவே படித்துக்கொண்டேன்.

இத்தாலிச் சிவப்பு வைன் என்றால் வைக்கோல் சுற்றிய குண்டுப் போத்தல் என்றுதான் எங்கள் கடைக்கு வரும் பிரெஞ்சுக்காரர் பலரும் நினைப்பார்கள். அது கியந்தி. தொஸ்கானாக்காரன். செரிப்பழப் புளிப்பும் காய்ந்த இலை மணமும் உள்ளவன், தக்காளிக் குழம்போடு சண்டை பிடிக்காமல் ஒத்துப்போவான். வடக்கே பியெமொந்தேயில் விளையும் பரோலோ பெரிய ஏமாற்றுக்காரன். நிறத்தைப் பார்த்தால் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைப்போம், கிளாஸின் ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். ஆனால் மூக்கை வைத்தால் ரோசாப்பூவும் புதிதாகப் போட்ட தார் ரோட்டும் சேர்ந்து வரும். அதைக் குடிப்பவர்கள் பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் வாயைக் கூட்டுவதைக் கதவுக் கண்ணாடியால் பார்த்திருக்கிறேன். கூட்டிவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்பார்கள். வெனெத்தோப் பக்கத்து அமரோனேக்குத் திராட்சையைப் பறித்து, மாதக்கணக்கில் தட்டுகளில் பரப்பி வாடவிட்டுப் பிறகுதான் பிழிவார்களாம். அந்தக் கிளாஸின் அடி விரலில் ஒட்டும், திராட்சை வற்றல் மணக்கும். தெற்கே எரிமலை மண்ணில் விளையும் அல்லியானிக்கோ கறுப்பன், முரடன். அணைத்த அடுப்பின் மணம் அவனுக்கு. ஒரே நாடு, ஒரே சிவப்பு, ஆனால் ஊருக்கு ஊர் குணம் வேறு.

இவ்வளவும் தெரிந்த எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கடைக்குக் கீழே இருந்த நிலவறை. அங்கே போத்தல்களைப் பார்த்துக்கொள்வதும், எந்தச் சாப்பாட்டுக்கு எது என்று சொல்வதும், மேசைக்கு முன் நின்று தக்கையைத் திறந்து முதலில் மணப்பதும் ஒரு வயதான இத்தாலியரின் வேலை. அவர் இளைப்பாறி ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து நிலவறைச் சாவி என் இடுப்பில் தொங்குவதாகவே கனவு கண்டேன். எனக்கு முப்பத்தைந்து வயது. அந்தக் கடையில் கிளாஸ்களைத் தவிர வேறு யாரும் என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அப்போதுதான் நீக்கிலாஸ் வந்து சேர்ந்தான்.

மன்னார்ப் பொடியன் என்று எல்லோரும் சொன்னாலும் அவனுக்கும் முப்பது வயது இருக்கும். என் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவ எடுத்தார்கள். வந்த ஆறாம் மாதமே அவனுக்குப் பிரெஞ்சு வாயில் உருண்டது. பங்குக் கோயிலில் அகதிகளுக்கு நடத்திய வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் போயிருக்கிறான். எனக்கு நாலு வருடமாகியும் காதில் விழுவது விளங்கும், வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். அவன் சிரித்தால் சமையற்காரர்களும் சிரித்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் மார்க்ஸ் டோர்மோய் தெரு வீட்டுக்குக் கேக்கோடு வந்தான். அவன் போன பிறகு கோசலை சொன்னாள்: "என்ன மரியாதையான பிள்ளை. திண்ட கோப்பையையும் தானே கழுவி வைச்சிட்டுப் போகுது."

"அது அவரின்ரை தொழில்," என்றேன் நான்.

"உங்களுக்கும் அதுதானே தொழில். இஞ்சை ஒரு கோப்பை கழுவிக் காணேல்லையே."

இப்படித்தான் அவன் என் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அதற்கு முந்தின கார்த்திகையில் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சலுக்கு அடி. ஆறாம் மேசையிலிருந்து இரண்டு கிளாஸ்கள் முக்கால்வாசி வைனோடு திரும்பி வந்தன. மணந்து பார்த்தேன். பரோலோ. ஆனால் ரோசாப்பூ எங்கோ ஒளிந்துகொள்ள, ஈரச்சாக்கு மணம் மூக்கில் அடித்தது. தக்கையில் பூஞ்சணம் பிடித்தால் போத்தலுக்குள் அந்த மணம் ஏறிவிடும். "உது பழுதான போத்தல், தக்கை கூடாது," என்று நீக்கிலாசிடம் சொன்னேன். அவன் உடனே கையைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைத் தூக்கிக்கொண்டு, ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் பார்க்கலாம், ஒன்றும் கேட்காது. நீக்கிலாஸ் ஏதோ சொன்னான். மார்செல் மணந்து பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது. அவனுடைய தோளில் தட்டினார். திரும்பி வந்தவன், "முதலாளிக்கு நல்ல சந்தோசம் அண்ணை," என்றான். அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன? மூக்கு என்னுடையது, தட்டு வாங்கிய தோள் அவனுடையது. அதற்குப் பிறகு மார்செல் அவனை அடிக்கடி வெளியே கூப்பிட்டார். போத்தல் தூக்க, கிளாஸ் வைக்க, ஒரு வாய் சுவைத்துப் பழக. நான் கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாசிக் கடைசியில் மார்செல் சமையலறைக்கு வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வருகிற புதன்கிழமை மூன்றரைக்கு, மதியச் சாப்பாடு ஓய்ந்த பிறகு, பெயர் தெரியாமல் நாலு வைன் வைப்பாராம். எது எந்தப் பக்கத்தது என்று சரியாகச் சொல்பவனுக்குச் சாவி. "குலா, நீ குடிக்கத் தேவையில்லை, மணந்தால் போதும்," என்றார். குலசேகரம் என்ற என் பெயரில் அதற்கு மேல் அவருடைய நாக்கு ஏறாது. என்னையும் கூப்பிட்டது பழைய ஆள் என்ற முகத்தாட்சண்யத்துக்காக என்றுதான் நினைத்தேன். தீர்ப்பை எழுதிவைத்துவிட்டு வழக்கு நடத்துகிறார்கள் என்று எனக்குள் கொதித்தேன்.

கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நீக்கிலாஸ் சுவைத்துப் பார்த்துச் சொல்கிறவன். அவனுக்கு நாக்குத்தான் ஆயுதம். அதை மழுங்கவைத்தால்?

புதன் காலை எட்டு மணிக்கு நான் அடுப்படியில் நின்றதைக் கண்டு கோசலை கதவோடு நின்றுவிட்டாள்.

"என்னப்பா, கனவு கினவு கண்டியளோ?"

"நீக்கிலாசுக்கு ஒரு சாப்பாடு குடுப்பமெண்டு. பாவம், தனி ஆள்."

"அதுக்கு நான் சமைக்க மாட்டனே?"

"நீர் சும்மா இரும்."

செத்தல் மிளகாயைக் கை நிறைய அள்ளிச் சட்டியில் வறுத்தேன். போதாது என்று தோன்றியது. இன்னும் ஒரு கை. குளிருக்கு யன்னலைப் பூட்டியிருந்ததால் புகை போக வழியில்லாமல் எங்களையே சுற்றியது. கோசலை சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். மேல் மாடிக்காரி நிலத்தில் இரண்டு தரம் உதைத்தாள். நான் தும்மித் தும்மி, கண்ணால் மூக்கால் ஓட ஓட, அந்தத் தூளைப் போட்டு ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். உறைப்புக் காணுமோ என்று கரண்டி கரண்டியாக நக்கிப் பார்த்தேன். ஆறாவது கரண்டியில் காது அடைத்தது. அப்போதுதான் திருப்தியாக இருந்தது.

பத்தரை மணிக்கு வேலைக்கு வந்த நீக்கிலாசின் நெற்றியில் கரி அப்பியிருந்தது. வந்ததும் நிலவறைக்குப் போத்தல் எடுக்கப் போன இடத்தில் பூசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் துடைத்திருப்பான். நான் சொல்லவில்லை. ஊத்தை நெற்றியோடு போய் மார்செல் முன்னால் நிற்கட்டும் என்று விட்டேன். இவ்வளவு கீழே இறங்குவேன் என்று அதற்கு முன் எனக்கே தெரியாது.

இரண்டே முக்காலுக்குக் கை கழுவிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை அவன் முன்னால் திறந்து வைத்தேன். சோறும் கறியும்.

"உனக்கெண்டு நான் என்ரை கையாலை சமைச்சது, தம்பி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ அண்ணை! நீங்களோ சமைச்சனீங்கள்?" என்றான். பிறகு பெட்டியைப் பார்த்தான், முகம் சுருங்கியது. "இண்டைக்கு நான் ஒருசந்தி. இறைச்சி தொடுறேல்லை."

"வெள்ளிக்கிழமைதானே உங்களுக்கு?"

"இண்டைக்கு விபூதிப் புதன் அண்ணை. தவக்காலம் துடங்குது." நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "காலமைப் பூசையிலை சாமியார் பூசினவர். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை, தெரியுமாக்கும் எண்டு இருந்தன்."

எங்களுக்கும் நெற்றியில் பூசுவது விபூதிதானே. அது வேதக்காரருக்கும் ஒரு நாள் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் எங்கள் வெள்ளிக்கிழமையும் இல்லை, அவர்களுடைய வெள்ளிக்கிழமையும் இல்லை, இறைச்சிக்கு அருமையான புதன்கிழமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியைப் பத்திரமாக மூடினான். "நாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடுறன். எறிய மாட்டன்," என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு பாணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டான். வெறும் வயிறு, கழுவிய நாக்கு. வைனைச் சுவைக்க இதைவிட நல்ல நிலை வேறு இல்லை.

மூன்றரைக்கு மார்செல் எங்களைக் கூப்பிட்டார். நீக்கிலாசின் நெற்றியைக் கண்டதும் ஒரு தரம் தலையை ஆட்டினார். அவரும் அந்த வேதம்தானே. அதற்கும் எனக்கு எரிந்தது.

மேசையில் நாலு கோப்பைகள் இருந்தன. கிளாஸ் இல்லை. கோப்பி குடிக்கிற, உள்ளும் புறமும் கடும் மண்ணிறக் கோப்பைகள். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி செய்திருந்தார். பரோலோவையாவது அதன் வெளிறலில் பிடித்துவிடலாம் என்று இருந்தேன், அதுவும் போயிற்று. பரவாயில்லை, மூக்கு இருக்கிறது என்று முதல் கோப்பையைத் தூக்கினேன்.

வறுத்த மிளகாய் மணத்தது.

இரண்டாவது கோப்பை. வறுத்த மிளகாய். மூன்றாவது, நாலாவது, எல்லாம் என் அடுப்படி. காலையில் ஏறின புகை மூக்குக்குள்ளேயே குடியிருந்தது. விரல் நுனியில் மசாலா, சட்டைக் கையில் மசாலா. கோப்பையை மூக்குக்குக் கொண்டு போகும் கையே மணத்தது. நாலு வருடமாக இருட்டிலும் என்னால் பிரித்துச் சொல்லக்கூடிய அந்த நாலு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். ஒன்றும் சரியில்லை.

நீக்கிலாஸ் ஒவ்வொன்றையும் வாயில் விட்டுத் துப்பினான். கியந்தி என்றான், சரி. அமரோனே என்றான், சரி. பரோலோ என்றான், சரி. கடைசிக் கோப்பையில் தடுமாறினான், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். அது அல்லியானிக்கோ. மார்செல் சாவியை அவனுடைய கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன நடந்தது, குலா? உன் மூக்கு எங்கே போயிற்று?" என்றார்.

"தடிமன்," என்று சொல்ல முயன்றேன். அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக் காட்டினேன்.

வீட்டுக்குப் போய்க் கதிரையில் விழுந்தேன். சாவிக்கான போட்டியைப் பற்றி முன்னமே அறிந்திருந்த கோசலை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அவர் திண்டவரோ?"

"இல்லை. விரதமாம்."

"மிளகாய்ப் புகையை நாள் முழுக்க நீங்கள் இழுத்ததுதான் மிச்சம்." சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "வெக்கமாக் கிடக்கு எனக்கு," என்றாள். அவள் முன்னால் என்னால் தேத்தண்ணி குடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நீக்கிலாஸ் பெட்டியைக் கழுவி, துடைத்து, என் கையில் தந்தான். "நல்ல கறி அண்ணை," என்றான். அவனுடைய இடுப்பில் சாவி தொங்கியது. நடக்கும்போது அது கிலுங்கியது. அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, நாள் முழுக்க.

சனிக்கிழமை மதியம் கடை நிறைந்திருந்தது. நடு மேசையில் கோட்டுப் போட்ட எட்டுப் பேர் பரோலோ கேட்டார்கள், விலை கூடியதில். நீக்கிலாஸ் போத்தலைத் திறந்தவன், கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, எனக்கொரு சந்தேகம். ஒருக்கா மணந்து சொல்லுங்கோ. உங்கட தடிமன் மாறிட்டுதெல்லே?"

மாறித்தான் இருந்தது. கிளாஸை வாங்கினேன். ரோசாப்பூ, தார், அதற்கும் அடியில், மிக மெல்லியதாக, ஈரச்சாக்கு. அவன் சந்தேகப்பட்டது சரி. ஆனால் அதை நிச்சயமாகச் சொல்லும் மூக்கு அந்தக் கடையில் ஒன்றுதான் இருந்தது. எட்டுப் பேருக்கு முன்னால் இவன் பழுதான வைனை ஊற்றட்டும். அவர்கள் முகத்தைச் சுளிக்கட்டும். மார்செல் அந்தத் தோளை இன்னொரு தரம் தட்டுகிறாரா என்று பார்ப்போம்.

"நல்லது," என்றேன். "கொண்டு போ."

அவன் போனான். நான் கண்ணாடியால் பார்ப்பதற்குக் கதவடிக்கு வந்தேன். அன்றைக்கு அடுப்பின் வெக்கை தாங்காமல் யாரோ கதவிடுக்கில் ஒரு கட்டையை வைத்திருந்தார்கள். முதல் தடவையாக எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சும் கேட்டது.

"எனக்கு நிச்சயமில்லை, மெசியே மார்செல்," என்றான் நீக்கிலாஸ் பிரெஞ்சில். "ஆனால் குலா மணந்து பார்த்தார். நல்லது என்கிறார்."

கிளாஸை வாங்க நீட்டிய கையை மார்செல் இழுத்துக்கொண்டார். "குலா சொன்னால் சரி. ஆறாம் மேசைப் போத்தலைப் பிடித்தவன் அவன்தான் என்று அன்றைக்கே நீ சொன்னாயே. அந்தப் புதன்கிழமை அவன்தான் வெல்லுவான் என்று நான் இருந்தேன். ஊற்று."

எனக்குக் காது இரண்டும் அடைத்தது, ஆறாவது கரண்டியில் அடைத்ததைவிட. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் என் பெயர் அந்தக் கதவுக்கு அப்பால் இருந்திருக்கிறது. கொண்டுபோய் வைத்தவன் அவன். நான் கண்ணாடியால் வாயசைவைப் பார்த்து, அந்த வாயில் என் பெயர் இருக்காது என்று நானே தீர்மானித்துக்கொண்டு எரிந்திருக்கிறேன். இப்போது போத்தல் சரிகிறது. ஊற்றப்போவது என் பெயரில்.

மனச்சாட்சி குத்தி ஓடினேன் என்று சொன்னால் பொய். நான் மணந்து சொன்னது பிழை என்று ஆகப்போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் அங்கே போனது நாலு வருடத்தில் முதல் தடவை. ஏப்ரனில் சவர்க்கார நுரை, கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நோன்!"

எட்டுப் பேரும் திரும்பினார்கள். கடையே திரும்பியது. என் வாயிலிருந்து இவ்வளவு சத்தமாக இல்லை என்கிற அந்தப் பிரெஞ்சுச் சொல் வந்ததை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். "நோன், மெசியே. தக்கை. தக்கை கூடாது," என்று பிரெஞ்சையும் தமிழையும் கலந்து உளறினேன்.

மார்செல் கிளாஸை எடுத்தார். நெடுநேரம் மணந்தார். மேசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, போத்தலைத் தூக்கி நீக்கிலாசிடம் கொடுத்து, "வேறு கொண்டுவா," என்றார். என் பக்கம் திரும்பி, "உன் மூக்கு வந்துவிட்டது," என்றார். தோளில் தட்டினார். எவ்வளவு காலமாக அந்தத் தட்டுக்கு ஏங்கியிருந்தேன். தட்டின இடம் சுட்டது.

சாப்பாடு ஓய்ந்ததும் நீக்கிலாஸ் கிளாஸ்களைக் கொண்டுவந்து என் தொட்டியடியில் வைத்தான். போகாமல் நின்றான்.

"அண்ணை, முதல் ஏன் நல்லதெண்டு சொன்னனீங்கள்?"

தண்ணீரைத் திறந்துவிட்டேன். "தடிமன்," என்றேன்.

அவன் துணியை எடுத்து ஒரு கிளாஸைத் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லாத முகம். அந்த முகத்தின்மேல் எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

"மாறும் அண்ணை," என்றான். "அடுத்தமுறை எனக்குச் சமைக்கேக்கை மிளகாயைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ."